கணக்குக் கோப்பு வந்துவிட்டது, அமைப்புகள் எங்கே?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14உடன் நிறுத்திக்கொண்டது. எனவே கடைக் கணிப்பொறியை மாற்றும் நிலை நம் வணிகர்கள் பலருக்கும் வந்திருக்கிறது. சரக்கு இருப்பு, கொள்முதல், கடன் பாக்கி ஆகியவற்றை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் எழுதிவைத்து நடத்தும் கடைகளில் இந்த மாற்றம் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் நடக்கிறது. கணக்குக் கோப்பை பென் டிரைவில் எடுத்து, புதுக் கணிப்பொறியில் போட்டுவிட்டு, பழையதை விலைக்குக் கொடுத்துவிடுகிறோம்.

மறுநாள் காலையில் பில் போடும் பட்டன் வேலை செய்வதில்லை. இருப்புப் பட்டியல் திறக்க மறுக்கிறது. கல்லாவில் இருப்பவர் “கோப்பு கெட்டுப்போச்சு” என்று சொல்லிவிடுகிறார். உண்மையில் கோப்பு கெடவில்லை. ஆக்சஸ் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை என்பதுதான் விஷயம். பேரேடு பெட்டியில் இருக்கும். கணக்குப்பிள்ளையின் கைக்குறிப்பு அவர் சட்டைப்பையில் இருக்கும். நாம் பேரேட்டை மட்டும் தூக்கி வந்திருக்கிறோம்.

முதலில், கோப்போடு தானாக வருபவை. ஏ.சி.சி.டி.பி. அல்லது பழைய எம்.டி.பி. கோப்புக்குள் அட்டவணைகள், வினவல்கள், படிவங்கள், அறிக்கைகள் எல்லாம் உள்ளன. திறந்தவுடன் எந்தப் படிவம் வரவேண்டும், மேலே கடையின் பெயர் எப்படித் தெரியவேண்டும் என்று நாம் செய்த ஏற்பாடும் அதற்குள்தான் இருக்கிறது. மொத்த வியாபாரி அனுப்பும் விலைப்பட்டியலை உள்ளே இழுக்க இம்போர்ட் விசார்டில் ‘முதல் பத்தி சரக்கின் பெயர், இரண்டாவது விலை’ என்று ஒருமுறை சொல்லிச் சேமித்திருந்தால், அதுவும் கோப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத இரண்டு அட்டவணைகளில் பத்திரமாக இருக்கும். இதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஆனால் படிவங்கள் ஒரு கோப்பிலும் கணக்கு வேறொரு கோப்பிலுமாகப் பிரித்து வைத்திருக்கும் கடைகள் கவனிக்க வேண்டும். இரண்டு மூன்று கணிப்பொறி உள்ள கடைகளில் இதுவே வழக்கம். படிவக் கோப்பு, கணக்குக் கோப்பு இருக்கும் முழுப் பாதையையும் எழுதி வைத்துக்கொள்கிறது. பழைய கணிப்பொறியில் ‘டி’ டிரைவில் இருந்தது புதியதில் ‘ஈ’ டிரைவுக்குப் போனால், அது பழைய முகவரிக்கே போய்த் தேடும். லிங்க்ட் டேபிள் மேனேஜரில் புதுப் பாதையைக் காட்டினால் தீர்ந்தது.

இனி கோப்போடு வராதவை. ஆக்சஸ் 2.0 காலத்தில் பயனர் அமைப்புகள் விண்டோஸ் ஃபோல்டரில் ஐ.என்.ஐ. என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் இருந்தன. ஆக்சஸ் 95 முதல் அவை ரிஜிஸ்ட்ரிக்குப் போயின. ஆக்சஸ் 2016 முதல் இன்றைய 365 வரை, ரிஜிஸ்ட்ரியில் ஹெச்கீ கரண்ட் யூசர் என்ற கிளையில், ஆஃபீஸ் 16.0 என்பதன் கீழ் ஆக்சஸ் என்ற பிரிவில் இவை உள்ளன. அழிப்பதற்கு முன் உறுதி கேட்கவேண்டுமா என்பது போன்ற விருப்பங்கள் இங்கே இருப்பவை. ‘கரண்ட் யூசர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரே கணிப்பொறியில் முதலாளி ஒரு பெயரிலும் குமாஸ்தா வேறு பெயரிலும் விண்டோஸில் நுழைந்தால், இருவருக்கும் தனித்தனி அமைப்புதான்.

பில் பட்டன் வேலை செய்யாததற்குக் காரணமும் பெரும்பாலும் இங்கேதான். ஆக்சஸ் 2007 முதல், நம்பகமான இடம் என்று நாம் குறித்த ஃபோல்டரிலிருந்து திறந்தால்தான் கோப்பிலுள்ள நிரல்கள் தடையின்றி ஓடும். அந்தக் குறிப்பு ரிஜிஸ்ட்ரியில் இருப்பதால் புதுக் கணிப்பொறிக்கு அது தெரியாது. டிரஸ்ட் சென்டரில் கணக்கு ஃபோல்டரைச் சேர்த்துவிடுங்கள். தொல்லை விட்டது என்று முழு டிரைவையும் நம்பகமாக்கும் மெக்கானிக்குகளை நாம் பார்க்கிறோம். அது கடைச் சாவியைத் தெருவில் தொங்கவிடுவதற்குச் சமம்.

விசார்டுகளின் கதை சற்று வேறு. அவற்றின் நிரல்கள் ஆஃபீஸ் ஃபோல்டரில் உள்ளன. அவற்றின் தகவலுக்கு ஏ.சி.சி.டி.யு. என்று முடியும் தனிக் கோப்புகள் உண்டு. லேபிள் விசார்டில் விலைச்சீட்டுக்காக அளவு கொடுத்துச் செய்த அறிக்கை நம் கோப்பில் இருக்கும். ஆனால் அந்த அளவுக்குப் பெயரிட்டுச் சேர்த்த பட்டியல் கோப்பில் வராது. நீளம், அகலம், ஓர இடைவெளி ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்வதே எளிது. சுருக்கெழுத்தை முழுப் பெயராக மாற்றும் ஆட்டோகரெக்ட் பட்டியலும் ஏ.சி.எல். என்ற தனிக் கோப்பில், மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரில் இருக்கிறது. இருநூறு சரக்குப் பெயரைச் சுருக்கி வைத்தவர்கள் அதை மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னவை போனாலும் அரை நாளில் திரும்பச் செய்துகொள்ளலாம். ஒன்றே ஒன்று அப்படியல்ல. பழைய எம்.டி.பி. கோப்புகளில் ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் வைத்து, குமாஸ்தா விலையைத் திருத்த முடியாதபடி பூட்டிய கடைகள் உண்டு. அந்தப் பெயர்களும் கடவுச்சொற்களும் கணக்குக் கோப்பில் இல்லை, எம்.டி.டபிள்யூ. என்று முடியும் வேறொரு கோப்பில் உள்ளன. சரியாகப் பூட்டப்பட்ட கணக்கு, அந்தக் கோப்பு இல்லாமல் முதலாளிக்கே திறக்காது. 2007இல் வந்த ஏ.சி.சி.டி.பி. வடிவத்தில் இந்த முறை கைவிடப்பட்டதால், இன்றைய மெக்கானிக் பலருக்கு இப்படியொரு கோப்பு உண்டென்பதே தெரியாது.

ஆகவே பழைய கணிப்பொறியை அழிக்கும் முன், திரையில் கணக்கைத் திறக்கும் ஐகானில் வலது பட்டனை அழுத்தி, பிராப்பர்ட்டீஸில் டார்கெட் வரியைப் படியுங்கள். ‘டபிள்யூ.ஆர்.கே.ஜி.ஆர்.பி.’ என்ற எழுத்துகள் இருந்தால், அடுத்து வருவதே அந்தக் கோப்பின் பாதை. அதையும் பென் டிரைவில் எடுங்கள். முதலில் அதை உருவாக்கியவரிடம், அப்போது கொடுத்த பெயர், நிறுவனப் பெயர், குழு அடையாளக் குறி மூன்றையும், ஒவ்வொரு பயனரின் பெயரையும் அடையாளக் குறியையும் எழுதி வாங்கி இரும்புப் பெட்டியில் வையுங்கள். கோப்பு தொலைந்தாலும் எழுத்து மாறாமல் இவற்றைக் கொடுத்துப் புதிதாகச் செய்துகொள்ளலாம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் அதில் கணக்கு.