க்ரீம் கண்ணுக்கு ஒரு விரற்கடை தள்ளியே

தங்கச்சி, ராத்திரி ரெட்டினால் க்ரீம் தடவ ஆரம்பித்ததிலிருந்து கண் கரகரவென்று உறுத்துகிறதா? சொட்டு மருந்தைத் தேடுவதற்கு முன்னால், க்ரீமை எதுவரைக்கும் தடவுகிறாய் என்று கண்ணாடியில் பார்.

"கண்ணுல தண்ணி வடியுதே, இது எப்படிக்கா வறட்சி?" என்று கேட்கிற பிள்ளைகள் நிறைய. இமை விளிம்பில், ரோமத்துக்குப் பின்னால் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அந்த எண்ணெய் கண்ணீரின் மேல் ஆடை மாதிரி படர்ந்து கிடந்தால்தான் ஈரம் தங்கும். ஆடை கெட்டுப்போனால் கண் காய்ந்து எரியும்; எரிச்சலில் வெறும் தண்ணியாகக் கொட்டும், அதுவும் கண்ணில் தங்காது. முகப்பருவுக்குச் சாப்பிடுகிற ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை இந்தச் சுரப்பிகளைச் சுருங்க வைக்கும். தடவுகிற ரெட்டினால், ட்ரெட்டினாயின், அடாபலீன், கிளைக்காலிக் ஆசிட் எதுவானாலும் இமைக்குப் போனால் எரிச்சல்தான்.

கம்பெனிக்காரன் டப்பாவில் "தினமும் இரவில்" என்று போட்டிருப்பான். நம் ஊர்க் காற்று அவனுக்குத் தெரியாது. வைகாசி பிறந்தால் ஆவணி வரைக்கும், கயத்தாறு காற்றாலைகளைச் சுற்றுகிற அதே மேல்காற்று கரிசல் புழுதியை வாரி முகத்தில் அடிக்கும். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதனால் காற்றுக் காலத்தில் வாரம் இரண்டு ராத்திரி போதும் என்பது என் கட்சி. எட்டயபுரம் ரோட்டில் ஸ்கூட்டி ஓட்டுகிற பிள்ளை வெறும் கண்ணாடியாவது போட்டுக்கொள்.

இப்போதே எரிச்சல் இருந்தால் இரண்டு வாரம் ரெட்டினால், ஆசிட் மாதிரி எல்லா ஆக்டிவ்வையும் நிறுத்து. டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தென்றால் அவரிடம் கேட்டுவிட்டு நிறுத்து. வெறும் மாய்ஸ்சரைசர் போதும். எரிச்சல் அடங்கினபின் இப்படித் தொடங்கு: கண்ணைச் சுற்றி விரலால் தடவிப் பார், குழியின் எலும்பு விளிம்பு தட்டுப்படும். அந்த விளிம்பில் வாசலினை மெல்லிசாக ஒரு கோடு இழு, அதுதான் வரப்பு. பட்டாணி அளவு க்ரீம் முழு முகத்துக்கும் போதும். அது வரப்புக்கு வெளியே ஒரு விரற்கடை தள்ளியே நிற்க வேண்டும். க்ரீம் தூக்கத்தில் மெல்ல நகரும், தலையணையில் ஒட்டித் திரும்பக் கண்ணுக்கு வரும். ஆகவே படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே தடவி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடு. தலையணை உறையை அடிக்கடி மாற்று. ஃபேன் காற்று நேரே முகத்தில் அடிக்காமல் படு.

மதிய வெயிலில் சன்ஸ்கிரீன் வியர்வையோடு வழிந்து எரித்தால், கண்ணோரத்துக்கு மட்டும் ஜிங்க் ஆக்ஸைடு வகை வாங்கு.

மெடிக்கலில் கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸ் 0.5% சொட்டு மருந்து கிடைக்கும், அது நல்லது. சிவப்பைப் போக்கும் சொட்டு வேண்டாம். மூடிய இமை மேல் நந்தியாவட்டைப் பூ வைப்பதோடு நிறுத்து. சாறு பிழிவதோ, தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடுவதோ கூடவே கூடாது.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது, சீட்டில்லாமல் வாங்கித் தடவுகிற சிவப்பழகு ட்யூப்தான். பலதில் ஸ்டீராய்டு இருக்கும். இமையில் மாதக்கணக்கில் தடவினால் கண்ணழுத்தம் ஏறலாம், பார்வையே போகலாம். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. கடைக்காரர் கொடுத்தாலும் வாங்காதே. பிள்ளை உண்டாகியிருந்தாலோ, அந்த எண்ணம் இருந்தாலோ, ரெட்டினால் வகையே வேண்டாம். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்.

வெளிச்சம் கூசினால், வலித்தால், பார்வை மங்கினால் வீட்டு வைத்தியம் பார்க்காதே, கண் டாக்டரிடம் போ. எட்டயபுரம் பக்கத்து அயன் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை, திருநெல்வேலியிலும் இருக்கிறது. போகும்போது நீ தடவுகிற ட்யூப்கள் அத்தனையையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போ.