சம்பள வேலையிலிருந்து சொந்தத் தொழிலுக்கு: நடுவயதுப் பெண்களுக்கான நடைமுறை

நாற்பது வயதைக் கடந்த பெண் ஒருவர் தனியார் நிறுவன வேலையை விட்டு, பொடி வகைகளைத் தயாரித்து விற்கும் சிறுதொழிலுக்கு மாற எண்ணும்போது, பேச்செல்லாம் புதிய முதலீட்டைப் பற்றியே நடக்கிறது. முதலில் பார்க்க வேண்டியதோ பழைய வேலையின் கணக்கு.

வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில், 10 ஆண்டுப் பணிக்காலம் உடையவர் 58 வயதில் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறுகிறார். திருமணத்துக்கு முன் ஆறாண்டு, பிள்ளைகள் வளர்ந்தபின் ஐந்தாண்டு எனத் துண்டுபட்ட பணிக்காலத்தை, நிறுவனம் மாறினாலும் மாறாத யூஏஎன் எனப்படும் ஒரே எண்ணின்கீழ் சேர்த்தால் 11 ஆண்டு கிடைக்கும். இடையில் ஓய்வூதியப் பங்கை எடுத்துவிட்டிருந்தால் அந்த ஆண்டுகள் கணக்கில் வாரா. இணைப்புக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் ஓர் எழுத்துதான்: பழைய பதிவில் தந்தையின் தலைப்பெழுத்தும் ஆதாரில் கணவரின் தலைப்பெழுத்தும் இருக்கும் (ஆண்களுக்கு இத்தொல்லை அரிது). நிறுவனத்தின் ஒப்புதல் எளிதாகக் கிடைக்கும்போதே, அதாவது விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன்பே, இதைத் திருத்திக்கொள்ள வேண்டும். நீண்ட பணிக்காக நிறுவனம் வழங்கும் பணிக்கொடைக்கு 5 ஆண்டுத் தொடர்பணி பொதுவிதி என்பதால், விலகும் தேதியை அதையும் பார்த்தே குறிக்க வேண்டும்.

இரண்டாவது படி ஒத்திகை. விற்பனையில் இறங்காமல், ஒருமுறை 5 கிலோ இட்லிப் பொடி தயாரித்து, 100 கிராம் வீதம் 50 பொட்டலங்களாக்கி அடக்கவிலையைக் காண வேண்டும். பருப்பு, மிளகாய், எள், அரைவைக் கூலி, உறை எல்லாவற்றையும் எழுதுவோர், வறுத்துச் சலித்து நிறுத்துக் கட்டிய ஆறு மணி நேரத்தை எழுதுவதில்லை. மணிக்கு 75 ரூபாய் என்றாலும் அது 450 ரூபாய். பொட்டலத்துக்கு 9 ரூபாய். இதை விட்டுவிட்டுச் சொல்லப்படும் லாபம், வீட்டுவேலையைப்போலவே கூலியில்லா உழைப்பின் மறுபெயராகிவிடுகிறது.

கடன் தேவையெனில் வரிசை முக்கியம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்கள் சிறப்புப் பிரிவினர். திட்டச் செலவில் 5 விழுக்காடு மட்டுமே சொந்தப் பங்கு, மானியம் நகர்ப்புறத்தில் 25, ஊரகத்தில் 35 விழுக்காடு. புதிய தொழிலகங்களுக்கே அது உரியது என்பதால், இயந்திரம் வாங்கித் தொழிலைத் தொடங்கியபின் மாவட்டத் தொழில் மையத்தை அணுகுவதில் பயனில்லை. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. இணையத்தில் பணம் கேட்கும் இடைத்தரகர்களை ஒதுக்கிவிடலாம். வீட்டுச் சமையலறையில் தயாரித்தாலும், விற்குமுன் உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற்று, அதன் 14 இலக்க எண்ணை உறையில் அச்சிட வேண்டும்.

எல்லா விண்ணப்பங்களும் பெண்ணின் பெயரிலேயே இருந்து, வங்கிக் கணக்கில் மட்டும் கணவரின் கைபேசி எண் இருந்தால், ஒவ்வொரு ஓடிபியும் அவரிடமே போய்ச்சேரும். கிளைக்குச் சென்று அந்த எண்ணை மாற்றிக்கொள்வது கடன் விண்ணப்பத்துக்கு முன்பே முடிய வேண்டிய வேலை.