உறைபனிக்கு முன் அறுவடை

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வீட்டுத் தோட்டம் போட்டவர்கள் மாலைதோறும் வானத்தைக் கவனிப்பார்கள். மேகமில்லாத, காற்றில்லாத இரவு வரும் என்று தெரிந்தால் கூடையுடன் தோட்டத்துக்கு விரைவார்கள். கோடை முழுவதும் பாடுபட்டு வளர்த்த தக்காளி ஒரே இரவில் பாழாகிவிடலாம். ஆனால் அடுத்த பாத்தியிலுள்ள காரட்டை அவர்கள் அன்று தொடுவதில்லை. ஏன் இந்த வேறுபாடு?

உறைபனி உண்டாவது எப்படி?

பகலில் பெற்ற வெப்பத்தை நிலமும் இலைகளும் இரவில் அகச்சிவப்புக் கதிர்களாக வெளிவிடுகின்றன. மேகம் இருந்தால் அது போர்வைபோல் செயல்பட்டு, வெப்பத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். தெளிந்த வானத்தில் இந்தத் தடை இல்லை. காற்றும் வீசாவிட்டால், மேலேயுள்ள வெதுவெதுப்பான காற்று கீழே வந்து கலப்பதில்லை. எனவே ஆள் உயரத்தில் வெப்பமானி 2° செ. காட்டும்போதே, தரையை ஒட்டிய இலை 0°க்குக் கீழே குளிர்ந்துவிடக்கூடும். அப்போது காற்றிலுள்ள நீராவி இலைமேல் பனிக்கட்டித் துகள்களாகப் படிகிறது. இதுவே உறைபனி. நமது நீலகிரியிலும் குளிர்காலத்தில் இதைக் காணலாம்.

செல்லுக்கு நேர்வது என்ன?

நீர் உறையும்போது விரிவதால் செல்கள் வெடிக்கின்றன என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. பனிக்கட்டி முதலில் செல்களுக்கு இடையேயுள்ள வெளியில் தோன்றி, செல்லினுள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. நீரிழந்த செல் சுருங்குகிறது. அதன் சவ்வு சிதைகிறது. வெயில் ஏறியதும் இலை வெந்த கீரைபோல் துவண்டு கறுக்கிறது.

வெப்பமான நாடுகளில் தோன்றிய தக்காளி, பீன்ஸ், வெள்ளரி முதலியவை இதைத் தாங்குவதில்லை. காரட்டும் முட்டைக்கோசும் அப்படியல்ல. குளிர் மெல்ல மெல்லக் கூடும்போது அவற்றின் செல்களில் சர்க்கரை சேர்கிறது. உப்புநீர் தூய நீரைவிடத் தாழ்ந்த வெப்பநிலையில் உறைவதுபோல, சர்க்கரை கரைந்த செல்சாறும் எளிதில் உறையாது. பனிக்குப் பின் பறித்த காரட் அதிகம் இனிப்பதும் இதனால்தான்.

எதை முதலில் பறிப்பது?

தக்காளி, பீன்ஸ், வெள்ளரி ஆகியவற்றை முதலில் பறிக்க வேண்டும். பூசணியைக் காம்புடன் வெட்டி எடுத்தால் நெடுநாள் கெடாது. உருளைக்கிழங்குச் செடி கருகினாலும் மண்ணுக்கடியில் கிழங்கு பிழைத்திருக்கும். மண் உறைவதற்குள் தோண்டினால் போதும். பறிக்க நேரமில்லையா? மாலையிலேயே செடிகளைத் துணியால் தரைவரை மூடினால், நிலத்தின் வெப்பம் உள்ளேயே தங்கி ஓரளவு காக்கும்.

பச்சையாகப் பறித்த தக்காளி வீணாகுமா? ஆகாது. நன்கு முற்றிய காய், எத்திலீன் என்ற வாயுவைத் தானே உண்டாக்கிப் பழுத்துவிடும்.

செய்து பாருங்கள்

முற்றிய தக்காளிக் காய்கள் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டை ஒரு பழுத்த வாழைப்பழத்துடன் காகிதப் பையில் இட்டு மூடுங்கள். மற்ற இரண்டையும் அதே அறையில் வெளியே வையுங்கள். எவை முதலில் சிவக்கின்றன என்று நாள்தோறும் குறித்து வாருங்கள். காரணத்தை நீங்களே கூறிவிடுவீர்கள்!