கல்லீரல் அழற்சி 'சி': மருந்து உண்டு, நோயாளி எங்கே?

கண் மஞ்சளித்தால் காமாலை. காமாலை என்றால் கீழாநெல்லி. கல்லீரலைப் பற்றி நம் இல்லங்களில் நிலவும் அறிவு பெரும்பாலும் இந்த அளவோடு நின்றுவிடுகிறது. ஆனால் கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களுள் 'சி' வகை பெரும்பாலோரின் கண்ணை மஞ்சளாக்குவதே இல்லை. அது உடலில் புகுந்தவர்களுள் 100க்கு 15 முதல் 45 பேர் வரை ஆறு மாதங்களுக்குள் மருந்தின்றியே விடுபடுகின்றனர். எஞ்சியோரிடம் அது நிலைத்துவிடுகிறது. இவ்வாறு நிலைத்தவர்களுள் 100க்கு 15 முதல் 30 பேருக்கு இருபதாண்டுக் காலத்தில் கல்லீரல் இறுகிச் சுருங்கும் 'சிரோசிஸ்' ஏற்படக்கூடும். சிலருக்கு அது புற்றுநோயில் முடிகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் வேலைக்குச் சென்றுகொண்டுதான் இருப்பார்.

உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 55 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர்.

இரத்தத்தின் வழியே

'ஏ', 'ஈ' வகைகள் அசுத்தமான நீராலும் உணவாலும் பரவுபவை. 'சி' வகை முக்கியமாக இரத்தத்தின் வழியே பரவுகிறது. ஒரே தட்டில் உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ பரவுவதில்லை. நோயாளிக்குத் தனித்தட்டு வைக்கும் வழக்கத்திற்கு எவ்வித மருத்துவ ஆதாரமும் கிடையாது.

இவ்வைரஸ் 1989இல்தான் அடையாளம் காணப்பட்டது. அதுவரை மருத்துவர்கள் இந்நோயை 'ஏயும் அல்ல, பியும் அல்ல' என்றே குறித்து வந்தனர். நம் நாட்டில் அக்காலத்தில் காசுக்கு இரத்தம் விற்போர் பலர் இருந்தனர். 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் விளைவாக, 1998 சனவரி முதல் அவ்வழக்கம் தடை செய்யப்பட்டது. இரத்தக் கொடையில் 'சி' வைரசுக்கான சோதனை கட்டாயமானது 2001இல். ஆகவே, அதற்கு முன்னர் அறுவைச் சிகிச்சைக்காகவோ, பிரசவத்திலோ, விபத்திலோ இரத்தம் ஏற்றிக்கொண்ட எவரும், இன்று எவ்வளவு நலமாக இருப்பினும், ஒருமுறை சோதித்துக்கொள்வது அவசியம்.

இன்று கூடுதல் கவனத்திற்குரிய இடம் டயாலிசிஸ் பிரிவு. பெங்களூரில் விக்டோரியா மருத்துவமனை வளாகத்திலுள்ள நெப்ரோ-யூராலஜி நிலையம் முதல் சிறிய தனியார் மையங்கள் வரை, சிறுநீரகம் செயலிழந்தோர் வாரத்திற்கு இரண்டு, மூன்று முறை இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்கின்றனர். ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் செல்லும் ஊழியர் கையுறையை மாற்றாவிட்டாலும், ஒரே மருந்துக் குப்பியில் பலருக்கு ஊசி ஏற்றினாலும், வைரஸ் உடன் செல்கிறது. இதனைத் தடுக்க ஆகும் செலவு மிகச் சொற்பம். தேவைப்படுவது மேற்பார்வை; நம் நாட்டில் பணத்தைவிட அது அரிதான பொருள்.

விலை வீழ்ந்த வரலாறு

பழைய சிகிச்சை, இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும். 24 முதல் 48 வாரங்கள் கடும் பக்க விளைவுகளைப் பொறுத்துக்கொண்ட பின்னரும் ஏறத்தாழப் பாதிப் பேரே குணமடைந்தனர். 2013 டிசம்பரில் அமெரிக்கா சோஃபாஸ்புவிர் மாத்திரைக்கு அனுமதி அளித்தது. நாளொன்றுக்கு ஒன்று, ஒன்றின் விலை 1,000 டாலர், பன்னிரண்டு வாரத்திற்கு 84,000 டாலர்!

2014 செப்டம்பரில் உரிமையாளரான கிலியட் நிறுவனம், 91 வளரும் நாடுகளுக்காக இம்மருந்தைத் தயாரிக்க ஏழு நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கியது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்ட்ரைட்ஸ் ஆர்கோலாப் அவற்றுள் ஒன்று. 2015இல் இந்நகரத்தின் பயோகான் நிறுவனமும் கூட்டு மருந்தொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவ்வாண்டு 28 மாத்திரைகள் கொண்ட குப்பி நம் சந்தையில் சுமார் 20,000 ரூபாய்க்குக் கிடைத்தது; போட்டி பெருகப் பெருக விலை மேலும் இறங்கிற்று. 2018 சூலை 28இல் தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் சோதனையும் மருந்தும் இலவசம். பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வாரச் சிகிச்சையே போதுமானது. குணமடைவோர் 100க்கு 95க்கும் மேல்.

எனினும் 2030க்குள் இந்நோயை ஒழிப்பது என்ற இலக்கு எளிதன்று. தேவை என்பது வாங்கும் விருப்பமும் சக்தியும் சேர்ந்தது எனப் பொருளியல் பாடநூல் கூறும். இங்கோ பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. தமக்கு அது தேவை என்பதே உரியவருக்குத் தெரியாது.

இரண்டு சோதனைகள்

முதற் சோதனை இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உள்ளதா எனக் காட்டும். இருந்தால், வைரஸ் ஒருகாலத்தில் புகுந்தது என்று மட்டுமே பொருள். இப்போதும் இருக்கிறதா என்பதை ஆர்.என்.ஏ. சோதனையே உறுதிப்படுத்தும். முதற் சோதனையின் முடிவைக் கண்டு அஞ்சி மறைத்துவிடுவோர் உண்டு. இரண்டாவதற்கு வராமலே போய்விடுவோரும் உண்டு. இவ்விரு சோதனைகளுக்கும் இடைப்பட்ட சில நாட்களில்தான் திட்டத்தின் வெற்றி தோல்வி பெரிதும் அடங்கியிருக்கிறது. ஒரே நாளில், ஒரே இடத்தில் இரண்டுக்கும் இரத்தம் எடுத்துவிடுவதே சிக்கனமான ஏற்பாடு.

பெங்களூரின் அலுவலகங்களில் இரத்ததான முகாம்கள் பெருகியுள்ளன. பெறப்படும் ஒவ்வோர் அலகும் 'சி' வைரசுக்குச் சோதிக்கப்படுகிறது. முடிவைத் தமக்குத் தெரிவிக்குமாறு கொடையாளர் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் ஐயம் உள்ளவர், சோதனை இலவசம் என்பதற்காக முகாமுக்குச் செல்லலாகாது. தொற்று ஏற்பட்ட தொடக்க நாட்களில் சோதனைக்கு அது புலப்படாமல், அந்த இரத்தம் வேறொருவருக்குச் சென்றுவிடக்கூடும். அத்தகையோர் மாவட்ட மருத்துவமனையை அணுகுதல் வேண்டும்.

'பி' வகைக்குத் தடுப்பூசி உண்டு. 'சி' வகைக்கு இன்னும் இல்லை. குணமடைந்தவரையும் வைரஸ் மீண்டும் தொற்றலாம். நோயுற்ற கல்லீரலுக்கு மது பெருந்தீங்கு விளைவிக்கும். மிகை எடையும், உட்பொருள் தெரியாத காமாலைச் சூரணங்களும் ஆபத்தானவையே. சிகிச்சைக்கு முன்பே சிரோசிஸ் வந்துவிட்டவர்கள், வைரஸ் நீங்கிய பின்னரும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை வயிற்றுப் பகுதியில் ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். புற்றுநோய் தோன்றும் அபாயம் அவர்களுக்குக் குறைகிறதேயன்றி முற்றிலும் நீங்குவதில்லை.