பஞ்சுத் தூசும் மார்பு நோயும்



காரணமின்றித் தோன்றும் காரியம் எதுவுமில்லை, நோயும் அத்தகையதே. 1884-இல் நிறுவப்பட்ட பெங்களூர் கம்பளி, பருத்தி, பட்டு ஆலை முதலியவற்றை நம்பி ஒக்கலிபுரத்துக் குடும்பங்கள் பல வாழ்ந்தன. பஞ்சாலைத் தொழிலாளி மூச்சிரைத்து இளைத்தால், "அவன் முன்வினை" எனக் கூறுவாருளர். அஃது உண்மையன்று.

பொதி பிரிக்கும் புளோரூமிலும் கார்டிங் பகுதியிலும் பஞ்சிழையோடு பருத்திச் சருகின் பொடியும், நுண்கிருமிகளின் நச்சும் காற்றில் கலக்கின்றன. அதனைச் சுவாசிப்போருக்கு, விடுமுறை கழிந்த முதல் வேலைநாளில் மார்பு இறுகும், மறுநாள் தணியும். ஆண்டுகள் பல செல்ல, இறுக்கம் எந்நாளும் நிலைத்து நுரையீரல் மீளாப் பழுதடையும். புகைபிடிப்போர்க்குத் தீங்கு இன்னும் மிகுதி. இதுவே பிசினோசிஸ் என்பது. 1948-ஆம் ஆண்டு தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இதனைத் தொழில்நோயென ஏற்றது.

காரணம் நீங்கின் காரியமும் நீங்கும். தூசை உறிஞ்சும் கருவியைக் கேளுங்கள். முகமூடி மட்டும் போதாது. ஷிப்டின் முன்னும் பின்னும் மூச்சளவு பார்க்கச் செய்யுங்கள். முதல்நாள் இறுக்கத்தை அசட்டை செய்யாதீர்கள். அந்நிலையில் தூசினின்று விலகினால் தேறலாம். ஆலையை விட்டு நீங்கிய முதியோரும் மருத்துவரிடம் எப்பகுதியில், எத்தனை ஆண்டு உழைத்தோம் என்பதைத் தவறாது உரைப்பாராக.