ஞாயிற்றுக்கிழமை வகுப்பை நிறுத்தாதே

சிதம்பரம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சென்னையில் ஓர் இசைக்குழு உன்னை ஆல்பத்துக்கு அழைத்திருக்கிறது, உன் பறை அடியையும் ஆயா பாடிய நடவுப் பாட்டையும் கேட்கிறார்கள், அதனால் கடலூர் தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகளுக்கு எடுக்கிற ஞாயிற்றுக்கிழமை வகுப்பை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். சென்னைக்குத் தாராளமாகப் போ. வகுப்பை மட்டும் விடாதே.

நாட்டுப்புறக் கலைஞன் ஊரோடு கிடக்க வேண்டும், வெளியே போனால் கலை கெட்டுப்போகும் என்று உனக்குச் சிலர் சொல்லுவார்கள். பெரும்பாலும் அவர்கள் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு நகரத்தில் இருப்பவர்கள். அவர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே. திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையைப் பார். கண்ணப்பத் தம்பிரான் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்து ஆடுகிறது. ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை நாடகக் குழு தம்பிரானிடம் கற்றது. தம்பிரானின் மகன் கண்ணப்ப சம்பந்தன் பாரிஸில் அரியான் முனுஷ்கினின் நாடகக் குழுவுக்குக் கூத்துச் சொல்லிக் கொடுத்தார். 2016இல் அவர்கள் போட்ட நாடகத்தில் பிரெஞ்சு நடிகர்கள் கிரீடம் கட்டி மகாபாரதம் ஆடினார்கள். இத்தனைக்குப் பிறகும் புரிசையில் பயிற்சி நின்றுவிடவில்லை. 2025இல் பத்மஸ்ரீ பெற்றவர்கள் பட்டியலில் சம்பந்தனும் இருந்தார், உன்னைப் போலப் பறை அடிக்கிற மதுரை வேலு ஆசானும் இருந்தார். வேலு ஆசானிடம் பறை கற்றவர்கள் இன்று எங்கெங்கோ குழு நடத்துகிறார்கள். ஊரில் சொல்லிக் கொடுத்த கைதான் வெளியே போயிருக்கிறது.

ஆனால் இந்த விஷயத்தில் என் மனசுக்கு வாத்தியார் கே. ஏ. குணசேகரன்தான். சிவகங்கைப் பக்கம், இளையான்குடிக்கு அருகே மாரந்தைக்காரர், 1955இல் பிறந்தவர். சாதியால் சிறு வயதில் பட்டதையெல்லாம் பிற்பாடு ‘வடு’ என்று எழுதினார். கவிஞர் இன்குலாப்பின் ‘மனுசங்கடா’ பாட்டைத் தமிழ்நாட்டின் மூலை முடுக்குக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்த குரல் அவருடையது. ‘தன்னானே’ என்று குழு வைத்துப் பாடினார், ‘பலி ஆடுகள்’ நாடகம் எழுதினார், நாட்டுப்புற இசையைப் பற்றிப் புத்தகங்கள் போட்டார். உனக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக இருந்தார். 2016 ஜனவரி 17 அன்று போய்விட்டார்.

பாடகர், ஆய்வாளர், நாடகக்காரர், வாத்தியார் என்று அவரை நாலாகப் பிரித்துப் பேசுவது நமக்கு வசதி. அவருக்கு அது ஒரே வேலை. கிராமத்தில் கேட்ட பாட்டு மேடைக்குப் போகும், மேடையில் பாடியது வகுப்புக்கு வரும், வகுப்பில் பேசியது கட்டுரையாகும். மேடை கேட்கிறது என்பதற்காக அவர் வகுப்பைத் துறக்கவில்லை. மதுரையில் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் தம்பதியும் அப்படித்தான் சேகரித்தார்கள், பாடினார்கள், சொல்லிக் கொடுத்தார்கள். நீ என்னவோ வகுப்பு எடுப்பதை, பெரிய வாய்ப்பு வருகிற வரைக்கும் செய்கிற வேலை என்பது போல எழுதியிருக்கிறாய். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இனி அந்த ஆல்பம். நடவுப் பாட்டு ஊர்ப் பொதுச் சொத்து, யார் வேண்டுமானாலும் பாடலாம். ஆனால் ஒலிப்பதிவில் நீ பாடுவதும் அடிப்பதும் உன்னுடையது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகிற கலைஞனுக்கு ஐம்பது வருஷத்துக்கு உரிமை கொடுக்கிறது. 2012இல் செய்த திருத்தம், உன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்கிற உரிமையையும், வியாபாரமாகப் பயன்படுத்தினால் வருமானத்தில் பங்கையும் சேர்த்தே கொடுத்தது. ஆகவே “நம்ம பசங்கதானே” என்று வாய்வார்த்தையில் முடிக்காதே. எழுத்தில் வாங்கு. உன் பெயர், பாட்டைப் பாடி வைத்திருந்த ஆயாவின் பெயர், ஊரின் பெயர் மூன்றும் ஆல்பத்தில் வர வேண்டும். பணம் மொத்தமாகவா பங்காகவா என்பதையும் அதிலேயே எழுதிக்கொள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்படாதே. பாடகர் அறிவு, தன் பாட்டி வள்ளியம்மாவின் தேயிலைத் தோட்டத்து வாழ்க்கையை வைத்து எழுதிய ‘என்ஜாய் எஞ்சாமி’ 2021இல் வந்தது, கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். மறு வருஷமே யார் பங்கு எது என்று ஊரறியப் பேச்சு எழுந்தது. அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு பைசா வரவில்லை என்று 2024இல் அதற்கு இசையமைத்த சந்தோஷ் நாராயணனே பேசினார். அத்தனை பெயர் பெற்றவர்களுக்கே இந்தப் பாடு.

இன்னொன்றும் பார்த்துக்கொள். பாட்டு தொடங்கும்போது பத்து விநாடி பறை, அப்புறம் கடைசி வரை கீபோர்டு என்று ஒரு வழக்கம் இருக்கிறது. பறையை வாசலில் கட்டிய தோரணம் போல வைத்துக்கொள்ளும் குழு உனக்கு வேண்டாம். ஒத்திகையின்போது மெட்டு போடுகிற இடத்தில் உன்னை உட்கார வைக்கிறார்களா, அல்லது கடைசியில் கூப்பிட்டு அடிக்கச் சொல்கிறார்களா என்று கவனி. அதிலேயே தெரிந்துவிடும்.

இனி உன் வகுப்பைப் பற்றி. போன மாசி மகத்துக்கு நான் வந்திருந்தபோது விடியற்காலையில் தீர்த்தவாரிக்குச் சாமிகள் ஒவ்வொன்றாய் வெள்ளிக் கடற்கரைக்கு இறங்கிக்கொண்டிருந்தன. உப்புக் காற்றில் தோல் நமுத்துப்போய் மேளம் மொத்தென்று சத்தம் போட்டது. உன் பிள்ளைகள் மணலில் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார்கள். சுண்டுகுச்சியை எந்தக் கையில் பிடிப்பது என்று இன்னும் தடுமாறுகிற பொடியன் ஒருவன், தோலை விரலால் சுண்டிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம்” என்றான். அந்தக் காதை எந்த ஸ்டூடியோவிலும் வாங்க முடியாது. ஃபைபர் பறை மழையிலும் அடிபடும், காய்ச்ச வேண்டாம். வெளியூர் நிகழ்ச்சிக்கு அது நல்லதுதான். ஆனால் கற்றுக்கொள்ளும் பிள்ளை தோலில் தொடங்கட்டும்.

பறை காய்ச்சி நின்ற அந்த வரிசையில் காலனிப் பிள்ளையும் குப்பத்துப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதைப் பார்த்தேன். பறை என்றால் சாவு வீடு, அதை இன்னார்தான் அடிக்க வேண்டும் என்று விதித்து வைத்த நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. நான் இருக்கிற சிதம்பரத்திலே 1929இல் பல்கலைக்கழகம் தொடங்கி இசையும் சொல்லிக் கொடுத்தார்கள். தமிழிசை இயக்கத்துக்கு இங்கிருந்துதான் பலம் கிடைத்தது. அந்தத் தமிழிசை மேடையிலும் தேவாரத்துக்குக் கிடைத்த மரியாதை பறைக்குக் கிடைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று நீ கற்றுக்கொடு. கூடவே, இழிவென்று சொல்லப்பட்ட காலத்திலும் இதைக் கைவிடாமல் காப்பாற்றியவர்கள் யார் என்பதையும் சொல்லிக்கொடு. இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொன்னால், பறை பிழைத்துக்கொள்ளும், பறையர்கள் காணாமல் போய்விடுவார்கள்.

குப்பத்துப் பிள்ளைகளிடம் நீ கேட்டு வாங்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு. மோட்டார் படகும் இழுவை இயந்திரமும் வந்த பிறகு சேர்ந்து இழுக்கிற கைகள் குறைந்தன, பாட்டும் குறைந்தது. அவர்களுடைய தாத்தாக்களிடம் இன்னும் இருக்கும். செல்போனில் பதிவு செய், பாடியவர் பெயரையும் தேதியையும் நோட்டில் எழுதி வை. உனக்கென்று ஒரு ஆல்பம் போட வேண்டுமென்றால் அங்கிருந்து தொடங்கு. அந்தப் பிள்ளைகளையே பின்பாட்டுப் பாட வை. சென்னைக் குழு அதைக் கேட்டு வந்தால் அப்போது நீ விருந்தாளி இல்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. இங்கே தெரிந்த வக்கீலிடம் காட்டுகிறேன். ஒலிப்பதிவை வார நாட்களில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிடு. சனிக்கிழமை ராத்திரி சென்னையிலிருந்து கடலூருக்கு எத்தனையோ பஸ் இருக்கிறது.

அன்புடன்,
பெரியப்பா