எடுத்துச் செல்லும் அடுப்புக்கு ஏற்ற எரிபொருள் எது?

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஆற்றங்கரைக்கோ நீர்வீழ்ச்சிக்கோ செல்வோர் சிறு அடுப்பொன்றையும் உடன் கொண்டு செல்கின்றனர். வெள்ளத்தால் வீட்டை விட்டு வெளியேற நேரும்போதும் கைகொடுப்பது இதுவே. அடுப்பின் விலையைப் பலமுறை கேட்டறியும் நாம், அதற்குரிய எரிபொருள் யாது என்பதை ஒருமுறையேனும் கேட்கிறோமா?

காற்றடிக்கும் மண்ணெண்ணெய் அடுப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். சுவீடன் நாட்டினரான லிண்ட்குவிஸ்ட் 1892ஆம் ஆண்டில் உருவாக்கிய அடுப்பின் வழிவந்தது இது. காற்றின் அழுத்தத்தால் மேலேறும் எண்ணெய், சூடான குழாயில் ஆவியாகி, நுண்ணிய துளை வழியே வெளிவந்து நீல நிறத்தில் எரிகின்றது. ஆகவே, முதலில் சிறிது ஸ்பிரிட்டை எரித்துக் குழாயைச் சூடேற்றுதல் வேண்டும். சுடர் மஞ்சளாகிப் புகை கக்கினால், பெரும்பாலும் குழாய் போதிய அளவு சூடேறவில்லை, அல்லது துளை அடைபட்டுள்ளது என்றே பொருள். குறை எண்ணெயில் இல்லை. இதனை அறியாத சிலர், மோட்டார் சைக்கிளிலிருந்து சிறிது பெட்ரோலை எடுத்துக் கலந்துவிடுகின்றனர். இதைவிட ஆபத்தான செயல் வேறொன்றில்லை.

காரணம் எளிது. மண்ணெண்ணெய் சுமார் 38 டிகிரி செல்சியஸ் வெப்பத்திற்கு மேல்தான் தீப்பற்றத்தக்க அளவு ஆவியை வெளிவிடும். பெட்ரோலோ, பூஜ்ஜியத்துக்கு 40 டிகிரி கீழே உள்ள கடுங்குளிரிலும் அவ்வாறு ஆவியாகும். நம் நாட்டு வெயிலில் கேட்கவும் வேண்டுமோ! சிறிதளவு பெட்ரோல் கலந்தாலும் மண்ணெண்ணெய் தன் இயல்பை இழந்துவிடும். அடுப்பு சூடேறச் சூடேறக் கலத்தினுள் அழுத்தம் மிகும். மூடியருகே கசியும் ஆவி நொடியில் தீப்பற்றும். பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட அடுப்புகளும் உண்டு. அவற்றின் அமைப்பு வேறு.

பியூட்டேன் எரிவாயுக் குப்பியைப் பொருத்தும் அடுப்பு, நம் தட்பவெப்பத்துக்கு மிகவும் ஏற்றது. பியூட்டேன் பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழேயே கொதித்து வாயுவாகிவிடும். ஆதலால் கேமரன் மலையின் இரவுக் குளிரிலும் தடையின்றி எரியும். நெடுநேரம் எரிந்தால் குப்பி குளிர்ந்து சுடர் தாழ்வது இயல்பு. அதற்காகக் குப்பியைத் தீயில் காட்டுதல் கூடாது. குப்பியின் மேல் நீண்டு நிற்கும் அகன்ற சட்டியும், இரு அடுப்புகளை ஒட்டிவைத்து ஏற்றும் பெரிய தவாவும் குப்பியைச் சூடாக்கி வெடிக்கச் செய்யும். விருந்தினர் மிகுந்தால் இருமுறை சமைப்பதே நன்று. இவ்வாயு காற்றினும் கனமானது. பள்ளத்திலும் கூடாரத்தின் அடியிலும் தேங்கி நிற்கும்.

ஸ்பிரிட் அடுப்பு மலிவானது, பழுதாவதும் அரிது. ஆயினும் அதன் சுடர் பகலில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அணைந்துவிட்டதென எண்ணி மேலும் ஊற்றியவர்கள் தீக்காயமுற்றுள்ளனர். அடுப்பு ஆறிய பின்னரே நிரப்புதல் வேண்டும்.

எந்த எரிபொருளாயினும் மூடிய கூடாரத்தினுள் எரித்தல் ஆகாது. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

மண்ணெண்ணெயையும் ஸ்பிரிட்டையும் குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைக்காதீர். தாகமுற்ற குழந்தை அதனைப் பானமென்றே கருதும். மண்ணெண்ணெயைக் குடித்துவிட்ட குழந்தையை வாந்தி எடுக்கச் செய்தல் தவறு. எண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்துவிடும். குழந்தையோடு அப்புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.